கை வராதது தெரியாதவர்: காசிமேட்டு வலைத் தொழிலாளி ஒருவரின் பக்கவாதம்

மூளையின் வலது பாதியில் பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குத் தங்கள் இடது கை கால் செயலிழந்திருப்பது தெரிவதே இல்லை. அவர்கள் மறைப்பதுமில்லை, பயந்து மறுப்பதுமில்லை. உடம்பின் அந்தப் பாதியைப் பற்றிய தகவலைச் சரிபார்க்கும் மூளைப் பகுதியே அடிபட்டுவிட்டதால் குறை இருப்பது அவர்கள் அறிவுக்கு எட்டுவதில்லை. 1914இல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி இதை விவரித்து அனோசோக்னோசியா என்று பெயரிட்டார். நூறாண்டு கடந்த பிறகும் கேஸ் ஷீட்டில் இது பெரும்பாலும் 'ஒத்துழைப்பு இல்லை' என்றுதான் பதிவாகிறது. வீட்டில் இதன் பெயர் வீம்பு. அப்படிப் பதிவான ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த விதம்

வயது 49. வலதுகைக்காரர். காசிமேட்டில் வலை பழுதுபார்ப்பவர். இளம் வயதில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், முப்பது தாண்டியதும் மூச்சு வாங்குகிறது என்று கரையோடு நின்றுவிட்டார். இந்த வரி எங்கள் ஷீட்டிலும் முதல் நாளே இருந்தது. இதன் பொருள் பிறகுதான் விளங்கியது. சர்க்கரை இல்லை, பீடி உண்டு, இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டதே இல்லை.

மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகுக்காரருக்கு அது ஓய்வு, வலைக்காரருக்கு உச்ச வேலை. காலை ஒன்பது மணி வாக்கில், கால் கட்டைவிரலில் வலையை மாட்டிப் பின்னிக்கொண்டிருந்தவரின் இடது கையிலிருந்து கண்ணி நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வாய் கோணியிருப்பதைப் பார்த்து ஆட்டோ பிடிக்கப் போனபோது அவரே தடுத்திருக்கிறார்: "இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? கை மரத்துகினு கீது, அவ்ளோதான். போய் வேலயப் பாருங்கடா."

தெளிவாகப் பேசுகிற ஆளை எப்படிக் கட்டாயப்படுத்துவது? வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். உறவில் ஒருவர் புறா ரத்தம் தடவினால் சரியாகிவிடும் என்று சொல்லி மூலக்கொத்தளம் பக்கம் ஆள் அனுப்பினார். சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகள்தான் அவர் தட்டைப் பார்த்தாள். சோற்றில் வலது பாதி காலி, இடது பாதி அப்படியே இருந்தது. "போதுமா நைனா?" என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் துன்னுட்டேன், இன்னும் கொஞ்சம் போடு" என்றிருக்கிறார். அவள் 108ஐ அழைத்தாள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது இரவு ஏழரை.

பக்கவாதத்தில் நேரத்தின் கணக்கைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டுச் சொன்னார். அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்பது 1995இல் உறுதியானது. 2008இல் அந்த அவகாசம் நாலரை மணி நேரமாக நீண்டது. இவரோ பத்து மணி நேரம் கழித்து வந்தார். இத்தனைக்கும் வீட்டிலிருந்து மருத்துவமனை நடக்கிற தூரம்தான். இடது மூளையில் அடைப்பு வந்தால் வலது கையோடு பேச்சும் போகும். ஆள் பேச முடியாமல் திணறுவதைப் பார்த்ததும் குடும்பம் அலறிக்கொண்டு ஓடிவரும். வலது மூளை அடிபட்டால் பேச்சு பத்திரமாக இருக்கிறது. அந்தப் பேச்சை வைத்தே நோயாளி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். தன் நோய்க்குத் தானே பொய்சாட்சி சொல்கிறார், அது பொய் என்று அவருக்கே தெரியாமல்.

படுக்கையருகே

நாடி தாறுமாறாக ஓடியது. தலையும் கண்ணும் வலப்பக்கம் திரும்பியே இருந்தன. இடது முகம் தொய்வு, இடது கையைத் தூக்க முடியவில்லை, காலில் ஓரளவு வலு. இடப்பக்கம் மட்டும் தொட்டால் தெரிந்தது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் தொட்டால் வலப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.எச். அளவுகோலில் 12.

அந்த அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தம் 42 மதிப்பெண். அதில் மொழியோடு சம்பந்தப்பட்டவை 7. புறக்கணிப்புக்கு, அதாவது உலகத்தின் ஒரு பாதியே கவனத்தில் இல்லாமல் போவதற்கு, 2 மட்டும். ஆகவே ஒரே அளவு மூளைச் சேதத்துக்கு இடது மூளைக்காரர் அதிக எண் வாங்குவார், வலது மூளைக்காரர் 'லேசான கேஸ்' ஆகிவிடுவார். மொழி தெரிந்தவர்கள் கூடி மொழிக்கு அதிக மதிப்பெண் போட்டுக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. வலது நடுமூளைத் தமனியின் பரப்பில் பக்கமடல் வரைக்கும் கருமை படர்ந்திருந்தது. தமனிகளைக் காட்டும் ஸ்கேனில் அந்தத் தமனியின் மூலத் தண்டு திறந்திருந்தது. கட்டி உடைந்து சிறு கிளைகளுக்குள் போய்விட்டிருந்தது. 2018இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு, பொருத்தமானவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியைக் குழாய் விட்டு எடுக்கிறார்கள். ஆனால் எடுப்பதற்குப் பெரிய தமனியில் கட்டி இருக்க வேண்டும். இவருக்கு இல்லை.

மறுநாள் காலை நடந்த உரையாடல் ஷீட்டில் இருப்பது போலவே:

"உடம்புக்கு என்ன?"

"எனக்கு இன்னா சார், நல்லாத்தானே கீறேன். இவங்கதான் இட்டுனு வந்துட்டாங்க."

"ரெண்டு கையும் சேர்த்துத் தட்டுங்க."

வலது கை நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. இடது கை போர்வைமேல் கிடந்தது.

"தட்டிட்டீங்களா?"

"தட்டினேனே."

"சத்தம் கேக்கலையே?"

"ஆளுங்கோ தூங்கினு கீறாங்கல்ல சார். அதான் மெதுவா."

இடது கையைத் தூக்கி அவர் கண்முன் காட்டி, இது யார் கை என்று கேட்டேன். சற்று யோசித்து, "மச்சான்து" என்றார். மச்சான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் தன் இரு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

கடிகாரம் வரையச் சொன்னோம். 1 முதல் 12 வரை எல்லா எண்களும் வட்டத்தின் வலது பாதிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. தாளில் சிதறிக் கிடக்கும் 54 சின்ன நட்சத்திரங்களைக் கோடு போட்டு அடிக்கும் சோதனையில் 19ஐ அடித்தார். பத்தொன்பதும் வலப்பக்கம்.

இடப்பக்கம் கண் தெரியாததால் இப்படி என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை என்பதற்கு இத்தாலியில் பிசியாக்கும் லுட்சாட்டியும் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு உண்டு. மிலான் நகரத்துத் தேவாலயச் சதுக்கத்தை ஒரு முனையில் நின்று பார்ப்பதாகக் கற்பனை செய்து வர்ணிக்கச் சொன்னபோது, நோயாளிகள் வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். எதிர்முனையில் நின்று பார்ப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அதுவரை விட்டுப்போன கட்டடங்கள் வந்தன, முன்பு சொன்னவை விட்டுப்போயின. நினைவில் எல்லாம் இருந்தது. மனக்கண்ணின் இடப்பாதிதான் இல்லை.

இதையே காசிமேட்டுக் கரையில் வைத்துக் கேட்டோம். "கடலைப் பார்த்து நிக்கிறீங்க. ரெண்டு பக்கமும் என்னென்ன இருக்கு?" ராயபுரம், கல்மண்டபம், துறைமுகம், கிரேன் என்று தெற்கே போய்க்கொண்டே இருந்தார். வடக்கே ஒன்றும் சொல்லவில்லை. "இப்போ கடலுக்கு முதுகைக் காட்டி நிக்கிறீங்க." உடனே தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில், எண்ணூர் சிம்னி. ராயபுரம் காணாமல் போய்விட்டது. அவர் பிறந்தது ராயபுரத்தில்.

ஏன் பெரும்பாலும் வலது மூளைக்கே இந்தச் சிக்கல்? பலரும் ஏற்கும் விளக்கம் இது: இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டுமே கவனிக்கிறது, வலது மூளை இரு பக்கத்தையும் கவனிக்கிறது. இடது அடிபட்டால் வலது ஈடுகட்டிவிடும். வலது அடிபட்டால் இடப்பக்கத்தைப் பார்க்க ஆளில்லை.

காதில் குளிர்ந்த நீர்

முதல் வாரத்தில் பிசியோதெரபிஸ்ட் எழுதிய குறிப்பு: பயிற்சிக்கு மறுக்கிறார், ஒத்துழைப்பு இல்லை. நோயாளி பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். நல்லா இருக்கிற கைக்கு எதற்குப் பயிற்சி? மனைவி கோபத்தில் இருந்தார். "எப்பவும் இப்டிதான் சார், யார் பேச்சையும் கேக்க மாட்டாரு" என்று இருபது வருடத்துக் கணக்கையெல்லாம் எடுத்து வைத்தார். மகள் அதட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள்.

இங்கேதான் வி.எஸ். ராமச்சந்திரனின் பழைய ஆய்வு ஒன்று எங்களுக்கு உதவியது. பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, பிறகு அமெரிக்காவில் சான் டியாகோவில் ஆய்வு செய்தவர். இழந்த கை இன்னும் இருப்பது போல வலிக்கும் மாயக்கை நோய்க்குக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தவர் அவர். இடது காதில் குளிர்ந்த நீர் விட்டால் புறக்கணிப்பு சற்று நேரம் விலகும் என்பதை 1985இல் ஆலன் ரூபன்ஸ் காட்டியிருந்தார். தன் வாதத்தை உணராத ஒரு பெண்ணிடம் ராமச்சந்திரன் இதைச் செய்து பார்த்து 1995இல் எழுதினார். நீர் விட்டதும் அந்தப் பெண் தன் கை செயலிழந்ததை ஒப்புக்கொண்டார், பல நாட்களாகவே அப்படி இருப்பதாகவும் சொன்னார். விளைவு தீர்ந்ததும் பழையபடி மறுத்தார். அப்படியென்றால் உண்மை உள்ளே எங்கோ பதிவாகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

உள்காதின் சமநிலை உறுப்பை ஒரு பக்கம் குளிர்வித்தால் கண்கள் அந்தப் பக்கம் மெல்ல நகரும், கவனமும் கூடவே இழுபடும். வழிமுறை இதற்குமேல் முழுசாக விளங்கவில்லை. இது சிகிச்சை அல்ல, சில நிமிடப் பலன்தான். தலைசுற்றலும் வாந்தியும் வரலாம் என்பதால் வார்டில் யாரும் வழக்கமாகச் செய்வதில்லை. செவிப்பறை நன்றாக இருக்கிறதா என்று பார்த்து, குடும்பத்திடம் விளக்கி, மனைவியையும் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்தோம்.

இரண்டு நிமிடத்தில் கண்கள் இடப்பக்கம் நகர்ந்தன. கையைத் தூக்கச் சொன்னேன். அவர் தன் இடது கையையே பார்த்தார். "வரல சார்" என்றார். எத்தனை நாளாக? "வலை பின்னசொல்லோ போச்சே, அன்னிலேர்ந்துதான்." பிறகு மனைவியைத் தேடித் தலையைத் திருப்பினார். அவர் நின்றது இடப்பக்கத்தில். அந்த வாரத்தில் முதல்முறையாக இடப்பக்கம் நின்ற ஒருவரை அவர் பார்த்தார்.

கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "கைக்கு இன்னா? நல்லாத்தான் கீது."

நோயாளிக்கு இதனால் நிலையான பலன் ஏதும் இல்லை. மாறியது மனைவி. "வேணும்னே பண்லன்னு இப்பத்தான் சார் தெரியுது" என்றார். அதட்டல் நின்றது. நான் எவ்வளவு விளக்கியும் நடக்காத காரியம் ஒரு சிரிஞ்சுத் தண்ணீரில் நடந்தது.

இதயம்

மூச்சு வாங்கிய கதைக்கு இதயத்தின் எக்கோ ஸ்கேனில் விடை கிடைத்தது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் (ருமாட்டிக் ஃபீவர்) இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கிப்போயிருந்தது. மேலறை வீங்கி, துடிப்பு ஒழுங்கிழந்து, தேங்கிய ரத்தம் கட்டியாகி, அதில் ஒரு துண்டு மூளைக்குப் போயிருக்கிறது. மேலறையின் மூலையில் இன்னும் ஒரு கட்டி ஒட்டியிருந்தது. இரண்டாம் வாரம், திரும்ப எடுத்த ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் தொடங்கினோம். புதிதாக வந்திருக்கும், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை தேவைப்படாத மாத்திரைகளை உறவினர் ஒருவர் கேட்டார். வாதக் காய்ச்சல் வால்வு நோயோடு துடிப்பு ஒழுங்கின்மையும் இருப்பவர்களுக்கு அவற்றில் ஒன்றான ரிவரோக்ஸபானைவிட வார்ஃபரின் வகையே மேல் என்று 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரை இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக அதை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும்.

கண்ணாடியும் சிவப்புக் கயிறும்

மறுப்பு மூன்றாம் வாரத்தில் தானாகவே தேய்ந்தது. இது வழக்கம்தான், பெரும்பாலோருக்கு நாட்களிலோ வாரங்களிலோ போய்விடும். "கை கொஞ்சம் வீக்கு" என்ற அளவுக்கு வந்தார். புறக்கணிப்பு போகவில்லை. மீட்சியைக் கெடுப்பது அதுதான். கையில் வலு வந்தாலும் அந்தக் கை ஞாபகத்தில் இல்லாவிட்டால் பயன்படுத்த மாட்டார், பயன்படுத்தாத கை மேலும் பின்தங்கும்.

மாயக்கைக்கு வந்த கண்ணாடியைப் பக்கவாதத்துக்குத் திருப்பிய முதல் சிறு ஆய்வு 1999இல் லான்செட்டில் வந்தது. நோயாளிகள் ஒன்பது பேர்தான். ராமச்சந்திரனும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். புறக்கணிப்புக்கு அதே முறையை முறையாகச் சோதித்தவர்கள் நம் நாட்டவர்: லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜெயராஜ் பாண்டியன் குழு, 48 நோயாளிகள், நாலு வாரம், 2014இல் வெளியீடு. கண்ணாடி வைத்தவர்கள் நட்சத்திரச் சோதனையிலும் கோட்டைப் பாதியாக்கும் சோதனையிலும் தெளிவாக முன்னேறினார்கள்.

செய்முறை எளிது. மேஜைமேல் உடம்பின் நடுக்கோட்டில் கண்ணாடியை நிறுத்தி, வாதம் வந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைக்க வேண்டும். இடது கை அசைவதாகக் கண்ணுக்குத் தெரியும். இவரைப் போன்றவர்களுக்கு இன்னொரு லாபம், கண்ணாடியைப் பார்க்கவே தலையை இடப்பக்கம் திருப்பியாக வேண்டும். வண்ணாரப்பேட்டையில் சட்டம் போட்டு வாங்கிய சாதாரணக் கண்ணாடிதான் பயன்பட்டது. வாரத்தில் ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம். வீடு திரும்பிய பின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்துக்கொண்டார்.

ஆனால் கண்ணாடியைவிட என்னை யோசிக்க வைத்தது வலை. நாலாம் வாரம் மச்சான் ஒரு கிழிந்த வலையைக் கொண்டுவந்து மடியில் போட்டார். இடது கைவிரல்கள் அப்போது கண்ணியைப் பிடிக்கும் அளவுக்கு மடங்கின, விடத்தான் நேரம் ஆனது. வலது கை ஊசியோடு பழகிய வேகத்தில் போயிற்று. முடித்துவிட்டேன் என்று கொடுத்த வலையில் வலப்பக்கக் கிழிசல் கச்சிதமாக மூடியிருந்தது, இடப்பக்கம் ஒரு கண்ணிகூடத் தொடப்படவில்லை. எந்தத் தாள் சோதனையும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. முக்கியமாக, அது அவருக்கே உறைத்தது. நட்சத்திரம் விட்டுப்போனால் அவருக்கு ஒன்றும் இல்லை. கிழிசலோடு வலையைத் திருப்பிக் கொடுப்பது அவமானம்.

அன்றிலிருந்து வலையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டினார்கள். கயிறு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் அடுத்த வரிசை. புத்தகம் படிப்பவர்களுக்குத் தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொடுப்பது பழைய முறை, அதன் மீனவர் வடிவம் இது. தட்டின் இடது விளிம்பிலும் சிவப்பு டேப். பேசுகிறவர்கள் இடப்பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது என்பதை மட்டும் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது, தளர்ந்த தோள்மூட்டு இறங்கி வலி பிடித்துக்கொண்டால் பயிற்சியே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை

முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே நிறைய மீளும். ஒற்றை நோயாளியை வைத்துக் கண்ணாடிதான் காரணம், கயிறுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. அதே பாண்டியன் பங்கெடுத்த அட்டெண்ட் ஆய்வு, இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள், 2017இல் லான்செட்டில் வெளிவந்தது. குடும்பமே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி அளித்த பிரிவிலும் வழக்கமான கவனிப்புப் பிரிவிலும் ஆறு மாதத்தில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. செலவில்லாத வழி என்று நம்பியிருந்த எங்களுக்கு அது கசப்பான முடிவு. எல்லோருக்கும் ஒரே பயிற்சிப் பட்டியலைக் கொடுப்பதைவிட, இந்த ஆளுக்கு எது தடை என்று முதலில் குடும்பத்துக்குக் காட்டுவது பலன் தருமா என்பது என் கேள்வி. அதை எந்தப் பெரிய ஆய்வும் நேராகக் கேட்டதாக நான் பார்க்கவில்லை. இவருடைய தடை கை அல்ல என்பது குடும்பத்துக்குப் புரிந்தபின் நடந்தவற்றை வைத்துத்தான் கேட்கிறேன்.

ஆறாம் மாதம்

நட்சத்திரச் சோதனையில் 54க்கு 49. இயல்பு என்று சொல்ல 51ஐத் தாண்ட வேண்டும். கைத்தடி இல்லாமல் நடக்கிறார். இடது கை கண்ணியைப் பிடிக்கிறது, சட்டைப் பித்தானுக்கு இன்னும் ஒத்துவரவில்லை. அரை நாள் வலை வேலை செய்கிறார், மச்சான் இடது ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைக்கிறார். அமைதியான அறையில் எல்லாம் சரியாக இருக்கிறது. சூரிய நாராயண சாலையில் மீன் வண்டிகளுக்கு நடுவே நடந்தால் இடது தோள் எதிலாவது இடித்துக்கொள்கிறது. கவனத்தைப் பங்கு போட வேண்டிய இடத்தில் பழைய குறை எட்டிப்பார்க்கும். ஆகவே டூவீலர் கூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாவியை மகள் வைத்திருக்கிறாள். அதற்கு மட்டும் இன்னும் சண்டை நடக்கிறது, இந்தச் சண்டையில் அவர் உண்மையிலேயே வீம்பு பிடிக்கிறார்.

போன மாத எக்கோவில் மேலறைக் கட்டி கரைந்துவிட்டது. வால்வைப் பலூன் வைத்து விரிக்க இதயப் பிரிவில் தேதி கேட்டிருக்கிறோம்.